குடித்து மௌத்தானவரை எப்படி நினைவு கூர்வது?

சென்ற ரமலானுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நாம் வீடு திரும்பும் வழியில் நம் மாமி வாசலில் நின்று அழைத்தார்கள்.

“ஹஜ்ரத்து தம்பி, மௌத்தானவங்களை ஏசக்கூடாதுன்னு பயான்லே சொன்னே. என் மகனைப் பத்தி நான் நல்லது சொன்னா, கேக்குறவங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்க. கெட்டதைச் சொன்னா பெத்த வயிறு எரியுது. சும்மா இருந்தா அவன் பொறக்கவே இல்லைங்கற மாதிரி ஆயிடுது. நான் எதைப்பா சொல்றது?”

ஏழு வருடம் மதரஸாவில் ஓதிய நமக்கு உடனே பதில் வரவில்லை. அதற்குக் காரணம் இல்மின் குறைவு மட்டுமன்று.

மாமியின் மகன் நமக்கு மூத்தவர், மச்சான் முறை. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகர் பூட்டுகள் வந்து குவிந்தபின் கையால் பூட்டுச் செய்கிற பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டுவிட்டன. அப்படி எஞ்சிய ஒரு பட்டறையில்தான் மச்சான் அரம் பிடித்தார். மாங்காய்ப் பூட்டு செய்வதில் கைதேர்ந்தவர். நாம் மதரஸாவில் சேர்ந்த நாளில் நமது தகரப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவரும் அவர்தாம். அந்தப் பெட்டிக்குத் தாமே ஒரு சின்னப் பூட்டுச் செய்து மாட்டிவிட்டுப் போனார்.

அவரைக் குடி பிடித்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது காலையில் குடிக்காமல் அரம் பிடிக்க முடியாத நிலை. கை அப்படி நடுங்கும்.

நாம் என்ன செய்தோம்? மஹல்லாப் பெரியவர்கள் இருவரோடு போய், குர்ஆனைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கினோம். வெளியே போய்விடாதபடி அறையில் வைத்துப் பூட்டினோம். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜின் கோளாறு என்றார்கள் சிலர். நெடுநாள் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் இப்படி வலிப்பும் சித்தப் பிரமையும் வரும், உயிருக்கே ஆபத்து, மருத்துவர் பார்வையில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் பின்னால் நாம் கேட்டறிந்தது. நடுக்கம் தாளாமல் அவர் மறுபடி குடித்தார். அதற்குப்பின் பள்ளிவாசல் பக்கம் வரவே இல்லை. “குர்ஆன் மேலே பண்ணின சத்தியத்தை முறிச்சவனுக்குப் பள்ளியிலே என்ன வேலை மச்சான்?” என்றார்.

சத்தியத்தை முறித்தவனுக்கு வாசல் அடைபடவில்லை. பத்து மிஸ்கீன்களுக்கு உணவோ உடையோ கொடுப்பது, அதற்கு வசதியற்றவன் மூன்று நோன்பு வைப்பது என்று ஸூரத்துல் மாயிதாவின் 89-ஆம் ஆயத்து கஃப்பாராவை வகுத்திருக்கிறது. அதற்கு அடுத்த 90-ஆம் ஆயத்துத்தான் மதுவை விலக்கும் ஆயத்து. இரண்டும் அருகருகே இருக்கின்றன. எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அவரிடம் இரண்டாவதை மட்டுமே சொன்னோம்.

ஈரல் கெட்டு அவர் மௌத்தானார். ஜனாஸாவில் ஸஃப்பில் சேராமல் ஒதுங்கி நின்றவர்கள் உண்டு. அது தவறு. பாவியான முஸ்லிமுக்கும் குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் தொழவைப்பதும் நம்மேல் ஃபர்ளு கிஃபாயா. குடித்தவர் என்பது அதைத் தடுக்காது. என்ன நோய் என்று கேட்டவர்களிடம் நாம் ‘மஞ்சள் காமாலை’ என்றோம். கண் மஞ்சளித்திருந்தது உண்மைதான். ஆனாலும் அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் இன்றும் நமக்குக் கூசுகிறது.

மாமியின் கேள்விக்கு வருவோம். உஹதுப் போரன்று காலையில் மது அருந்தி, அன்றே ஷஹீதான ஸஹாபாக்களைப் பற்றிச் சிலர் ஆறுதலாக எடுத்துச் சொல்வார்கள். அது தடை வருமுன் நடந்தது. நம் கேள்விக்கு விடையாகாது. விடை வேறிடத்தில் இருக்கிறது. ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நாயகத்தைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர், அதுவும் ஒருமுறை அல்ல. அப்படி ஒருநாள் கொண்டுவரப்பட்டபோது கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் வருகிறது.

இதில் தண்டனை நிறுத்தப்படவில்லை. குற்றம் மறைக்கப்படவும் இல்லை. ஆனால் அந்த மனிதரைப் பற்றிய பேச்சு குற்றத்தோடு முடிந்துவிடவில்லை. குடித்தார், நேசித்தார் என்ற இரண்டும் ஒரே மனிதரைப் பற்றிய உண்மைகள். ஒன்றைச் சொல்வதால் மற்றொன்று பொய்யாகிவிடாது. நாமோ முழு நல்லவர் அல்லது முழுக் கெட்டவர் என்று இரண்டே பெட்டி வைத்திருக்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அரசு கொடுத்த நிவாரணத்தைக் கேலி பேசியவர்கள் எத்தனை பேர்! விதவைகளும் பிள்ளைகளும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் மையித்தை எடுத்தார்கள்.

அப்படியானால் பிறர் குறையை மறைக்கும்படி மார்க்கம் சொல்வது என்னாயிற்று எனச் சிலர் கேட்கலாம். மறைப்பது இறந்தவரின் மானத்துக்காக. நம் குடும்பத்துப் பெருமைக்காக அல்ல. நாம் சொன்ன ‘மஞ்சள் காமாலை’ யாருடைய மானத்தைக் காத்தது? நம்முடையதைத்தான். வீதியிலுள்ளவர் வாய்க்கு வந்தபடி பேசுவது புறம். ஆபத்திலிருக்கும் ஒருவரைக் காக்க, பெற்றவளே எடுத்துச் சொல்வது நஸீஹத்து. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், டி.டி.கே. குடும்பத்து மருமகள், கணவரைக் குடியால் இழந்தவர். செல்வாக்குள்ள குடும்பம், மூடி மறைத்திருக்கலாம். அவர் 1980-ல் கணவர் டி.டி. ரங்கநாதன் பெயரிலேயே குடி, போதை நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். நோயால் போன மனிதரின் பெயர், அந்நோய்க்கு மருந்து தேடுவோர் கேட்டு வருகிற பெயராயிற்று.

நமது பேகம்பூரில், ஹைதர் அலி குடும்பத்து அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கிறார். இருநூறு ஆண்டு கடந்தும் ஊரே அவர் பெயரால் வழங்குகிறது. அதே ஊரில் மச்சான் பெயரை மூன்று வருடமாக நம் வீட்டிலேயே யாரும் உரக்கச் சொல்லவில்லை.

இவ்வளவையும் மாமியிடம் கோவையாகச் சொன்னோம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்துல்லாஹ்வின் செய்தியைச் சொன்னோம். பிறகு கஃப்பாராவைப் பற்றி அவரிடம் சொல்லாமல் விட்டதையும் சொல்லி அழுதோம். மாமி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார்கள்.

ரமலானில் ஒருநாள் மாமி வீட்டில் பெண்கள் கூடி யாசீன் ஓதினார்கள். ஓதி முடிந்ததும் மாமி மகன் பெயரைச் சொல்லி துஆ கேட்டார்களாம். அடுத்த தெருப் பெண்ணொருத்தி கடைசிவரை எழாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளுடைய மகனைப் பற்றி மஹல்லாவில் எல்லோருக்கும் தெரியும். மாமி அவளிடம், “என் மகன் குடிச்சுத்தான் மௌத்தானான். ஆனா நல்ல பிள்ளை. உன் மகனை அறையிலே போட்டுப் பூட்டாதே. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார்களாம்.

தனியாகப் போக அவளுக்குக் கூச்சம். திங்கட்கிழமை காலையில் நாமும் உடன் போனோம். மனநலப் பிரிவுக்கு முன்னால் வரிசை நீளமாக இருந்தது. அதில் தொப்பியோடு நின்றவர் நாம் ஒருவர் மட்டுமல்ல.