துருவேறிய மரை

ஆம்பூரில் என் சிநேகிதர் ஒருவருக்குத் தோல் ஷாப்பு இருக்கிறது. ஒரு நாள் நான் அங்கே போயிருந்தபோது, தோல் சுற்றும் பெரிய மர டிரம் ஒன்று நின்று போயிருந்தது. பெல்ட் தளர்ந்துவிட்டதாம். மோட்டாரைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினால் போதும். அதற்கு நாலு போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். மூன்று இளகின. நாலாவது அசைய மறுத்தது.

உப்பிட்ட தோல் வந்து இறங்குகிற இடம் அது. தரையெல்லாம் உப்பும் ஈரமும். இரும்பு துருவானால் பருமனில் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடும். மரைக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் அது ஊதினால், இரண்டும் ஒன்றாகிவிடாமல் என்ன செய்யும்?

சிநேகிதர் அவசரப்பட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிரம்முக்குள் தோல் கிடக்கிறது. சுற்றாமல் நின்றால் மருந்து சீராக ஏறாது. "ஸ்பானரிலே பைப்பைச் செருகி ரெண்டு பேராத் தொங்குங்கப்பா" என்றார்.

மேஸ்திரி பாய் சம்மதிக்கவில்லை. "தலை முறிஞ்சுடும், முதலாளி" என்று சொல்லி, மண்ணெண்ணெயை விட்டு, சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டிவிட்டு, டீக்குக் கிளம்பினார். போகிறபோது என்னிடம், "பைப்பு போட்டா கைக்கு ஒண்ணும் தெரியாது, சார்" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு டாக்டர் பால் பிராண்டை நினைவூட்டிற்று. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். ஒரு தடவை துருப்பிடித்த பூட்டொன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளிப் பையன் ஒருவன், நோஞ்சான், சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் வியக்கையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலியறியாத கை தன்னையே காயப்படுத்திக் கொள்கிறது என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் அந்த டாக்டர் முக்கியமானவர்.

அவர் கையிலும் அந்தப் பலம் இருந்திருக்கும். வலி, போதும் என்று நிறுத்திற்று. பையனுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆனால் என் மனம் பையனோடு நிற்கவில்லை. சாவியைக் கொடுத்தவரிடம் போகிறது. டாக்டர் அறியாமல் கொடுத்தார், அதில் குற்றமில்லை. அறிந்தே கொடுக்கிறவர்கள்? பிறத்தியார் கையால் திருகும்போது நமக்கும் விரல் மரத்துத்தான் இருக்கிறது. முதலாளிகள், அப்பாமார்கள், ஏன், மந்திரிகளும்கூட, நீளமான பைப்பின் இந்த நுனியில் நிற்கிறவர்கள்தாமே?

ஒரு மணி கழித்து மேஸ்திரி திரும்பினார். முதலில் இறுக்குகிற பக்கம் இம்மி திருப்பினார். பிறகு இந்தப் பக்கம். கிறீச்சென்று இளகியது. "ஒரு மணி நேரம் போச்சு" என்றார் சிநேகிதர்.

நான் வாய் திறக்கவில்லை. போன வருஷம் எங்கள் வீட்டுக் குழாய் இறுகிக்கொண்டபோது, சைக்கிள் கடைப் பையனைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று, "இன்னும் பலமாடா, இன்னும்" என்று சொன்னவன் நான். குழாய் திறந்தது. அவன் உள்ளங்கையும் கிழிந்தது. ஐம்பது ரூபாயை நீட்டினேன். வலது கையை வாயில் வைத்திருந்ததால், "இடது கையிலே வாங்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க சார்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.