ஏழு சீர் போதும், எழு!

அன்புவழிபுரத்துப் பிள்ளையே, உன் ஊரின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல். அன்பு, வழி, புரம். மூன்று சொல் சேர்ந்து ஒரு ஊர்! அங்கே வளர்ந்த நீ 'எனக்கு எழுத வராது' என்கிறாயா?

உனக்கு எழுத வரும். நீட்டி எழுதினால்தான் எழுத்து என்று யாரோ உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தை இன்றோடு கடலில் எறி!

வள்ளுவருக்கு ஒரு குறளுக்கு ஏழு சீர் போதுமாக இருந்தது. 1939இல் உன் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராம், பிரமிள் என்று தமிழுலகம் அறிந்தவர், ஓர் இறகைப் பற்றிச் சில வரிகள் எழுதி அதற்குக் 'காவியம்' என்றே பெயரிட்டார். என்ன துணிச்சல்! 1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதி, 1916இல் அதே பத்திரிகையில் ஜப்பானியரின் ஹைக்கூ என்ற குறுங்கவிதையைத் தமிழருக்குச் சொன்னார். செய்தி எழுதிப் பழகிய கைக்குச் சின்னக் கவிதையின் அருமை தெரிந்திருந்தது.

செய்தியாளனாக ஆசையா? இதைப் படி:

'மேற்படி பிரதேசத்தில் பெய்த கடும் மழையின் காரணமாக வீதியில் வெள்ளம் தேங்கி நிற்பதால் மாணவர்கள் பெரும் சிரமத்தின் மத்தியில் பாடசாலைக்குச் செல்ல வேண்டிய நிலைமை ஏற்பட்டுள்ளது.'

பத்தொன்பது சொல். ஒரு பிள்ளையின் முகமாவது தெரிகிறதா? இப்போது கண்ணில் பட்டதை மட்டும் ஹைக்கூபோல மூன்று வரியில் வை:

முழங்கால் வெள்ளம்
கையில் சப்பாத்து
பாடசாலை மணி கேட்கிறது

படம் கிடைத்துவிட்டது. ஆனால் இங்கேயே நின்றுவிடாதே. ஹைக்கூ பாதியை வாசகனிடம் விடலாம், செய்தி விடக்கூடாது. யார், எங்கே, எப்போது என்பதைச் சேர்:

'அன்புவழிபுரத்தில் நேற்று முழங்காலளவு வெள்ளம். சப்பாத்தைக் கையில் பிடித்தபடி பாடசாலைக்குப் போனார்கள் பிள்ளைகள்.'

பத்தே சொல்! 'பெரும் சிரமம்' என்ற சொல்லே இல்லை, சிரமம் தெரிகிறது.

இதற்குப் பெரிய பட்டம் வேண்டாம், விலையுயர்ந்த கணினி வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பேனை, வெட்டத் துணிந்த மனம். தினம் ஒன்று எழுது: மீன் சந்தையில் கேட்டது, பஸ்ஸில் பார்த்தது, குழாயடியில் நடந்தது. முதலில் மூன்று வரி, பிறகு பத்துச் சொல். வெட்டும்போது வலிக்கும். வலித்தாலும் வெட்டு!

நாளை உன் வீதியில் வெள்ளம் வந்தால், 'நிலைமை ஏற்பட்டுள்ளது' என்று எழுதப்போகும் பேனையைப் பிடித்து நிறுத்து. யார் நனைந்தார்கள் என்று எழுது!