வாகைப்பதி போன மக்களும் ஓசூர் வந்த குடும்பமும்

அன்புக்கொடி மக்களே, நாகர்கோவிலில் ரயில் ஏறி மறுநாள் ஓசூரில் இறங்குகிற நம் குடும்பங்கள் பல. கையில் இரண்டு பெட்டி, ஒரு குத்துவிளக்கு, தூக்கம் கலையாத பிள்ளைகள். சிப்காட் கம்பெனியில் வேலை, பக்கத்தில் லைன் வீட்டில் ஓர் அறை. கடற்காற்றில் வளர்ந்த உடம்புக்கு அந்த மேட்டுநிலக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கு, பாதி கன்னடம்.

அப்படி வந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தகப்பன் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குகிறான். ஒரே அறை என்பதால் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கவும் முடியாது. "அந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு யாரும் கூட்டு இல்லம்மா" என்று மகள் அழுகிறாள். "நம்ம ஊருக்கே போயிருவோம்" என்கிறாள் மனைவி. "யாருக்காக இங்க வந்து கிடக்கேன்?" என்று அவன் சீறுகிறான். அன்று இரவு அந்த வீட்டில் படிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. கலி நுழைவதற்கு இதைவிட அகலமான வாசல் வேண்டுமா?

வீடு விட்டு வீடு மாறுவது நம் வழிக்குப் புதிதல்ல. அய்யா வைகுண்டர் துவையல் தவசுக்கென எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கு அனுப்பினார். ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் போனார்கள். சொந்தக் கூரையையும் பழகிய மண்ணையும் விட்டுக் கடற்கரையில் தங்கினார்கள். அங்கும் நிலைத்துவிடவில்லை; பின்பு முட்டப்பதியிலும் தவசு தொடர்ந்தது. இரண்டு முறை இடம் மாறிய மக்கள் அவர்கள்.

அய்யா அவர்களுக்குச் சொகுசான வீடு கட்டிக் கொடுத்து அனுப்பவில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்து அனுப்பினார். மூன்று நேரம் குளிப்பு, துணி துவைப்பு, ஒரு நேர உணவு, அதுவும் அரிசியும் சிறுபயறும், நேரம் தவறாத வழிபாடு. இன்று செய்ததையே நாளையும் செய்யும்போது மனம் பிடிமானம் கொள்கிறது. அந்த ஒழுங்குதான் வெறும் மணலைப் பதியாக்கியது.

ஓசூர் லைன் வீட்டுக்கும் அந்த வழி போதும். சாமான் எல்லாம் பிரித்து அடுக்கிய பிறகு வழிபாட்டைத் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதல் நாளே ஒரு மூலையைத் துடைத்து, கண்ணாடியும் விளக்கும் வையுங்கள். ஷிப்ட் மாறினாலும், வீட்டில் இருக்கிறவர்கள் குறித்த நேரத்தில் நாமம் இட்டு உகப்படிப்பு படியுங்கள். நாளுக்கு ஒரு நேரமாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை தன் சங்கடத்தைச் சொல்லட்டும், தகப்பன் பதில் சொல்லாமல் கேட்கட்டும். பொறுமை என்பது அங்கேதான் தொடங்குகிறது. ஊரில் விட்டு வந்த தாயின் குரலையும் தினமும் போனில் கேளுங்கள்.

கண்ணாடி முன் நிற்கும்போது தெரிவது யார் முகம்? சாமிதோப்பில் நின்றாலும் ஓசூரில் நின்றாலும் அதே முகம்தான். அய்யா உள்ளிருக்கிறார் என்று காட்டத்தானே கண்ணாடி வைத்தோம்? அப்படியானால் அய்யாவை ஊரில் விட்டுவிட்டு வந்தோம் என்று கலங்குவது எப்படிச் சரியாகும்?

இன்னொன்றும் உண்டு. லைன் வீடுகளுக்குப் பொதுவாக ஒரே குழாய். வரிசையில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவரும் குடத்தோடு நிற்பார். அவரும் தாயை விட்டு வந்தவர்தான். எல்லாச் சாதியாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்த முத்திரிக்கிணற்றின் மக்கள், அந்தக் குழாயடியில் முகம் திருப்பலாமா? ஒரு குடம் விட்டுக்கொடுங்கள். உச்சிப்படிப்பு முடிந்த கஞ்சியில் ஒரு பாத்திரம் பக்கத்து வீட்டுக்கும் போகட்டும். அன்றைக்கே அந்தத் தெரு உங்கள் தெருவாகத் தொடங்கிவிடும். பிள்ளைக்கும் கூட்டு அங்கிருந்தே கிடைக்கும்.

வைகாசித் திருவிழாவுக்குச் சாமிதோப்பு வரும்போது, "ஓசூரில் இருக்கிறோம்" என்று அழாமல் சொல்லும் நாள் வரும். அதுவரை ஒழுங்கு தவறாமல் இருங்கள், அய்யா காப்பார்.

அய்யா உண்டு!