இல்லாத காயம்

நல்ல காலோடு நிற்கும் நம்மிடம் ஒருவர் வந்து, "காலில் அடிபட்டுவிட்டது என்று சொல்லி விலகிக்கொள்" என்று கூறினால் என்ன செய்வோம்? அவர் நம் பகைவர் அல்லர். நம்மைக் காக்க எண்ணுபவர். பொய்யும் மிகச் சிறியது. ஸ்பெயின் நாட்டு ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனியோவின் வாழ்வில் இந்த ஆலோசனை இருமுறை வந்தது. முதன்முறை இணங்கினார், மறுமுறை மறுத்தார். அந்த மறுப்பைப் பற்றியே நாம் சிந்திக்க விழைகிறோம்.

1961இல் பிறந்த மரியா, 100 மீட்டர் தடை ஓட்டத்தில் தம் நாட்டின் முன்னணி வீராங்கனை. அக்காலத்தில் பன்னாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ளும் பெண்கள், தாங்கள் பெண்கள்தாம் என்பதைச் சோதனையால் மெய்ப்பிக்க வேண்டும். ஆண்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. 1983இல் ஹெல்சிங்கியில் நடந்த உலகத் தடகளப் போட்டியின்போது மரியா அச்சோதனையில் தேறிச் சான்றிதழும் பெற்றிருந்தார். ஆனால் 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்குச் சென்றபோது, அந்தத் தாளை எடுத்துச்செல்ல மறந்துவிட்டார். ஒரு தாளை மறந்ததற்கு இத்தனை விலையா என்று பின்னாளில் எத்தனை இரவுகள் எண்ணியிருப்பாரோ! மீண்டும் சோதித்தார்கள்; முடிவில் சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். அணி மருத்துவரின் சொற்படி காயம்பட்டவர்போல் நடித்துவிட்டு, பார்வையாளரிடையே அமர்ந்து, தோழியர் ஓடுவதைப் பார்த்தார். தம் சகோதரரைப் பறித்துக்கொண்ட இரத்தப் புற்றுநோய்தான் தமக்கும் வந்துவிட்டதோ என்றுகூட அஞ்சினார். இரு மாதங்களுக்குப்பின் மடல் வந்தது. அவருடைய குரோமோசோம்கள் எக்ஸ், ஒய். அதாவது, பொதுவாக ஆண்களிடம் காணப்படும் அமைப்பு.

1986 சனவரியில் தேசியப் போட்டி நெருங்கியது. காயம் என்று சொல்லி, ஓசையின்றி, நிரந்தரமாக விலகிவிடும்படி அறிவுறுத்தப்பட்டார். அவர் இணங்கவில்லை. 60 மீட்டர் தடை ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். உடனே செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது. வீரர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உதவித்தொகை நின்றது, அவர் ஓடிய நேரங்கள் நாட்டின் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டன. நண்பர்கள் சிலரும், அவரை மணக்கவிருந்தவரும் விலகிச் சென்றனர்.

அவர் பிடிவாதக்காரரா? அமைதியாக விலகியிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்குமே என்று நம்மில் பலர் சொல்லக்கூடும். இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. மரியா எதையும் அம்பலப்படுத்தவில்லை. தம் உடலின் இரகசியத்தை அவர் ஊரறியச் சொல்லவும் இல்லை. சொல்லும் கடமையும் அவருக்கு இல்லை. நொண்டி நடக்க மறுத்தார், அவ்வளவே. மறைத்துவைப்பது வேறு, பொய்யுரைப்பது வேறு. இரகசியம் அவருக்கு உரியது. அதைப் பறித்துச் சந்தையில் போட்டவர்கள் பிறர். கோபேயில் சொல்லச்சொன்ன பொய் திகைத்து நின்ற ஒரு பெண்ணுக்குச் சிறிது நேரத்தை ஈட்டித்தந்தது. சனவரியில் கேட்கப்பட்ட பொய்யோ அவருடைய வாழ்வையே கேட்டது. சொல் ஒன்றுதான், யாருக்காக என்பதுதான் மாறிவிட்டது.

மகளிர் போட்டிக்கு ஓர் எல்லை வேண்டாமா என்னும் கேள்வி நேர்மையானது. பிற வீராங்கனையரின் உழைப்பும் மதிக்கத்தக்கதே. எனினும் மரியாவின் உடலில் ஆண்மைச் சுரப்பு இருந்தும், அதன் கட்டளையை ஏற்கும் ஆற்றல் உடலின் உயிரணுக்களுக்கு இல்லை. பிற பெண்களுக்கு அச்சுரப்பால் கிடைக்கும் சிறு வலுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஃபின்லாந்தின் மரபியல் அறிஞர் ஆல்பர்ட் தெ லா ஷாப்பெல் போன்றோர் இதையே எடுத்துரைத்து அவருக்குத் துணைநின்றனர். சோதனை பொய் சொல்லவில்லை. கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டது. 1999இல் ஒலிம்பிக் குழு இச்சோதனையைக் கைவிட்டது. 2025இல் உலகத் தடகள அமைப்பு மரபணுச் சோதனையாக அதை மீண்டும் கொண்டுவந்தபோது, மரியாவைப் போன்ற உடலமைப்பு உடையோருக்கு விதிவிலக்கு அளித்தது.

இத்தகைய வேதனை ஸ்பெயினுக்கு மட்டும் உரியதன்று. 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி, பாலினச் சோதனைக்குப்பின் பதக்கத்தை இழந்தார். அச்செய்தியைத் தேநீர்க்கடைகளில் பிரித்து வாசித்தவர்கள் நாம்தான். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைத் தெரிந்துகொள்ள நமக்கென்ன உரிமை என்று அன்று நம்மில் எத்தனை பேர் தாளை மடித்துவைத்தோம்?

மரியாவுக்கு ஓடும் உரிமை 1988இல் திரும்பக் கிடைத்தது. இடையே போன ஆண்டுகளை எவராலும் தர இயலவில்லை. 1992இல் பார்சலோனா ஒலிம்பிக் அவருடைய சொந்த நாட்டிலேயே நடந்தது. முப்பது வயதைத் தாண்டிய நிலையில் தகுதி பெற ஓடினார். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அந்த வாய்ப்பு தவறிப்போயிற்று.