மேல்நோக்கிய அம்பு

முக்கொம்பில், அகண்ட காவிரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடம் என்றும் தெற்கே காவிரி என்றும் பெயர் பெற்று, ஸ்ரீரங்கத்தை நடுவில் ஏந்திக்கொள்ளப் புறப்படுகிற இடத்தில், ஒரு மாலை வேளையில் உட்கார்ந்திருந்தேன். கரூர்ச் சாலையிலிருந்து ராணுவ லாரி ஒன்று வந்து நின்றது. சக்கரம் முதல் கூரைத் துணி வரை புழுதி படிந்திருந்த அவ்வண்டியிலிருந்து இறங்கிய சிப்பாய், தம் முகத்தைக்கூடக் கழுவிக்கொள்ளாமல், முதற்காரியமாக ஈரத்துணி ஒன்றை எடுத்து எண்பலகையைத் துடைத்தார். மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று. வண்டி படையில் சேர்ந்த ஆண்டைக் காட்டும் இரண்டு இலக்கங்கள். ஓர் எழுத்து, வரிசை எண், இறுதியில் மற்றோர் எழுத்து. வாகனத்துக்கு எந்த வர்ணம் பூசுவது, எந்தக் குறியை எங்கே எந்த அளவில் எழுதுவது என்றெல்லாம் படைகள் வகுத்துவைத்திருக்கும் விதிகளை அற்பம் என்றே அதுவரை எண்ணியிருந்த நான், அந்த அம்பைப் பார்த்தபின் அவ்வாறு எண்ண முடியாதவனானேன்.

அந்த அம்பு நம் தேசத்தில் பிறந்ததன்று. ஆங்கிலேய அரசர்களின் உடைமை இன்னதென்று காட்டுவதற்காகப் பல நூற்றாண்டுகளாகப் பீரங்கியிலும் கப்பல் மரத்திலும் பொறிக்கப்பட்டுவந்த சின்னம் அது. அமெரிக்கா அவர்கள் வசம் இருந்த காலத்தில், இருபத்துநான்கு அங்குலத்துக்கு மேல் பருத்த வெண்பைன் மரங்கள் அரசனின் கப்பல்களுக்கே உரியவை என்று விதித்து, கோடரியின் மூன்று வெட்டால் அந்த அம்பை மரத்தில் செதுக்கினார்கள். தம் நிலத்துக் காட்டில் தாம் வெட்டிய மரத்துக்காகத் தண்டனை பெறுவதைப் பொறாத குடியானவர்கள் 1772-ல் நியூ ஹாம்ப்ஷயரில் கலகம் செய்தார்கள். இங்கே ஆங்கிலேயர் ஆட்சி போன பின்னும் நம் ராணுவம் அச்சின்னத்தை வைத்துக்கொண்டது. "இது இன்னாருடையது" என்பதைத் தவிர வேறொன்றையும் அது சொல்வதில்லை.

ஸ்ரீவைஷ்ணவன் நெற்றியில் தரிக்கும் ஊர்த்துவபுண்டரத்துக்கும் மேல்நோக்கிய குறி என்பதே பொருள். அதுவும் மூன்று கோடுகள்தாம். ஆசாரியனிடம் பஞ்ச ஸம்ஸ்காரம் பெறுகிறவனுக்குத் தோள்களில் சங்கு சக்கரப் பொறி ஒற்றப்படுவதும், திருமண் இடப்படுவதும், தாஸன் என்ற நாமம் சூட்டப்படுவதும், இவன் தனக்குரியவனல்லன், எம்பெருமானின் உடைமை என்று அறிவிப்பதற்கே. சேஷத்துவம் என்று உடையவராகிய ராமானுஜர் இவ்வரங்கத்திலிருந்து உபதேசித்த தத்துவத்தை, எழுதப்படிக்கத் தெரியாதவனும் நாள்தோறும் தன் நெற்றியில் எழுதிக்கொள்கிறான். ஆனால் மரம் வெட்டைக் கேட்கவில்லை. சிஷ்யனோ பொறியை விரும்பி வேண்டிப் பெறுகிறான்.

இந்த வேற்றுமையை உணராதவர்கள்தாம் 1806-ல் வேலூர்க் கோட்டையை ரத்தத்தில் தோய்த்தார்கள். சென்னை ராணுவத்தின் தளபதி ஸர் ஜான் கிரடக் வெளியிட்ட புதிய விதிகளில், சீருடை அணிந்த சிப்பாய் நெற்றியில் சமயக்குறி தரிக்கலாகாது, காதில் கடுக்கன் அணியலாகாது, மோவாயை மழித்திருக்கவேண்டும், மீசையும் இயன்ற அளவு எல்லார்க்கும் ஒரே அளவும் வடிவுமாக இருக்கவேண்டும் என்று கண்டிருந்தது. தொப்பியை ஒத்த தலைப்பாகையும், அதில் தோலாலான சின்னமும் வந்தன. எதிர்த்தவர்கள் கசையடி பட்டார்கள். ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் எழுந்த கிளர்ச்சி, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் அன்றைக்கே ஒடுங்கிற்று. இடையில் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியரும், அவர்களைக் காட்டிலும் மிகுதியான சிப்பாய்களும் மாண்டார்கள். கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களும் சம்பளக்குறையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன; சொல்லட்டும். கிரடக்கும் கவர்னர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டதையும், அந்த விதிகள் ரத்தானதையும் பார்க்கும்போது, நெற்றியைத் தொட்டதே பெரும்பிழை என்று கிழக்கிந்தியக் கும்பினியாரே உணர்ந்தார்கள் என்றுதான் நான் கொள்கிறேன். அச்சிப்பாய்கள் கும்பினிக்கு உழைப்பை விற்றிருந்தார்கள்; கையையும் காலையும் உயிரையும்கூட ஒப்படைத்திருந்தார்கள். துப்பாக்கியின்மேல் தன் குறியைப் பொறிக்க எஜமானனுக்கு அதிகாரம் உண்டு. துப்பாக்கியை ஏந்துகிறவனின் நெற்றி மட்டும் முன்னமே வேறொருவருடைய குறியை ஏற்றிருந்தது.

இதை எழுதும்போது என் நெஞ்சே என்னைக் கேட்கிறது: நீ சார்ந்த சமயம் மட்டும் குறியின் பொருளைக் காத்ததா? சரணாகதியின் சின்னமான திருமண்ணையே, மூக்கின்மேல் பாதம் வைத்து இடுவதா, வைக்காமல் இடுவதா என்று தென்கலையும் வடகலையுமாகப் பிரிந்து, காஞ்சியில் கோயில் யானையின் நெற்றி வரை வழக்காடினோமே! 'நான் அவனுடையவன்' என்று சொல்லவேண்டிய குறி, 'அவன் எங்களுடையவன்' என்று சொல்லும் குறியாகத் திரிந்துபோயிற்று. கும்பினியின் பிழையைவிட இது எனக்குப் பெரிதாகவே படுகிறது, ஏனெனில் அவர்கள் அறியாமல் செய்ததை நாம் அறிந்தே செய்தோம். நுணுக்கமான விதிகளை நான் குறைகூறவில்லை. இன்ன கைங்கரியம் இன்னார் செய்வது என்று கோயிலொழுகு என்னும் நூலில் கண்ட ஒழுங்கினால் வாழ்ந்துவருவது அரங்கன் கோயில். அன்போடு ஏற்றுக்கொண்டவனுக்கு அற்பமான விதி என்று ஒன்று இல்லை.

ஆனால், குறி வெறும் புறப்பொருளே என்றால் வேலூரில் அத்தனை பேர் ஏன் மடிந்தார்கள்? அகப்பொருளே என்றால் அழித்தால்தான் என்ன? நெடுநேரம் இவ்வாறு தர்க்கித்துக்கொண்டிருந்த நான், சிப்பாய் படித்துறையில் இறங்குவதைக் கண்டேன். முகம் கழுவினார். திருமண் பெட்டி கையில் இல்லை. திருமண் வாய்க்காதபோது ஜலத்தாலேயே புண்டரம் இட்டுக்கொள்ளும் வழக்கம் நம் பெரியோர்களிடம் உண்டு. அவர் விரலை ஆற்றில் நனைத்து, கண்ணை மூடி, புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தார். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டார். அவர் படியேறி வருவதற்குள், காவிரிக் காற்றில் அந்த ஈரம் உலர்ந்துவிட்டிருந்தது. லாரி திருச்சியை நோக்கிப் புறப்பட்டது. துடைத்துவைத்த அம்பு மட்டும் சாலையின் திருப்பம் வரை வெண்மையாகத் தெரிந்துகொண்டிருந்தது.