அளவுகோலும் நினைவும்

பெரியதைச் சிறிதாக்கிக் கைக்குள் வைத்துப் பார்க்கும் விருப்பம் மனிதனிடம் நெடுங்காலமாகவே இருந்து வருகின்றது. 1822ஆம் ஆண்டு பரிஸ் நகரிலே லூயி டகேர் என்பார், பெருந்திரைகளில் எழுதிய ஓவியங்களின்மேல் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி மக்களை வியப்பிலாழ்த்திய காட்சிக்கு 'டயோரமா' எனப் பெயர் சூட்டினார். காலப்போக்கில் அப்பெயர், மேசையொன்றின்மேல் வீடும் மரமும் மாந்தரும் ஓர் அளவுக்கமையச் சிறிதாக்கி வைக்கப்படும் சிற்றுருக் காட்சிக்கு வழங்கலாயிற்று. பெயர் பிரான்சிலிருந்து வந்ததேயொழியத் தொழில் தமிழருக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுப்படியின் கீழே மணல் பரப்பிக் குளம் வெட்டித் தெரு அமைக்கும் பாட்டியும் பேர்த்தியும் டகேரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலும் இத்தொழில் உண்டு. சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கத்தோலிக்கக் கிராமங்களில் மார்கழி பிறந்ததும் பாலன் குடில் எழும். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சியோ என்னும் ஊரிலே புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலை இவ்வழக்கத்தின் தோற்றுவாயாகக் கூறுவர். இங்கு அது தென்னோலையாலும் கடற்கரை மணலாலும் ஆனது. பாட்டனார் ஓலை வேய்வார். பேரன் தன் விளையாட்டுப் பெட்டியிலுள்ள பொம்மை லொறியைக் கொண்டுவந்து மூன்று ஞானிகளின் ஒட்டகங்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவான். இடையர்களிலும் பெரிய வாத்தொன்று குளத்தில் மிதக்கும். எவரும் குறை கூறுவதில்லை. பெத்லகேமின் உண்மை அந்த மணலின் அளவையோ லொறியின் காலப்பிழையையோ நம்பி நிற்கவில்லை. அது எல்லாருக்கும் உரிய ஊர். ஆதலால் எவரும் அதனை எவ்வாறும் அமைக்கலாம்.

எல்லா ஊர்களும் அத்தகையன அல்ல. அதே கரை வழியே மேலும் வடக்கே சென்றால் புத்தளம் களப்பும், களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பமும் வரும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் யாவரையும் வெளியேற்றினர். அவர்தம் தொகை 70,000க்கும் மேற்பட்டது என்பர். யாழ்ப்பாண நகரத்தவருக்கு ஒக்டோபர் 30ஆந் திகதி இரண்டு மணி நேரமே தவணையாகக் கிடைத்தது. மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்திறங்கினர். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோட்டங்களிலும் இடங்கொடுத்த புத்தளத்து மக்களின் பெருந்தன்மை அக்காலத்தில் யாவராலும் பேசப்பட்டது. பின்னர், தண்ணீரும் வேலையும் பாடசாலை இடமும் பங்கிடப்படவேண்டி வந்தபோது மனக்கசப்புகளும் தோன்றின. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலர் இங்கேயே வேரூன்றிவிட்டனர். அன்று கைக்குழந்தையாய் வள்ளத்தில் வந்தவருக்கு இன்று பாடசாலை செல்லும் பிள்ளைகள் உண்டு.

இவ்வாறு வந்த ஒரு முதியவர், கற்பிட்டியிலுள்ள தம் வீட்டு விறாந்தையில், பேர்த்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மன்னார் நகர்ப்புறத்தில் தாம் வாழ்ந்த தெருவைச் சிற்றுருவாக அமைக்க முற்படுகிறார் எனக் கொள்வோம். அவர் எவரையும் குறிப்பவரல்லர். ஆராய்ச்சியின் பொருட்டுக் கற்பித்துக்கொண்டவர். அத்தெருவின் புகைப்படம் அவரிடம் இல்லை. இரண்டு மணி நேரத்திலோ இரண்டு நாளிலோ வீட்டைவிட்டுப் புறப்படுவோர் தெருவைப் படம்பிடித்துக்கொண்டு புறப்படுவதில்லை. ஆகவே மூலப்படி என்பது அவருடைய நினைவு ஒன்றே. 1:200 என்னும் அளவை எடுத்துக்கொண்டால் 100 மீற்றர் நீளமான தெரு அரை மீற்றருள் அடங்கும். மேசைக்கு ஏற்ற அளவு. 20 மீற்றர் உயர்ந்த பனை 10 சென்ரிமீற்றர் நிற்கும். அதற்கு ஈர்க்கு போதும். வீடுகளுக்கு மட்டை, சுவர்களுக்கு மணல் தூவிய பசை, கிடுகு வேலிக்கு ஓலைநறுக்கு. மன்னாருக்கே பேர்போன கழுதைகள் இவ்வளவில் ஓர் அரிசிமணிக்கு மேற்படா. பேர்த்தியோ கழுதை செய்வதற்கென்றே மேசைக்கு வந்தவள். அவள் களிமண்ணிற் செய்த முதற் கழுதை ஒரு வீட்டின் கூரைக்கு மேலே தலை நீட்டும். குடிலில் அந்தக் கழுதைக்கு இடம் கிடைத்திருக்கும். இங்கே கிடைக்குமா என்பதிலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

பிளேட்டோ தமது 'சோபிஸ்ட்' என்னும் உரையாடலில், உருவமைக்கும் கலையை இரண்டாகப் பிரிக்கிறார். மூலப்பொருளின் நீள அகலங்களை உள்ளபடி பேணி அமைப்பது ஒன்று. பார்ப்பவர் நிற்கும் இடத்திலிருந்து அழகாகத் தோன்றும்பொருட்டு உண்மை அளவை மாற்றி அமைப்பது மற்றொன்று. மிகப்பெரிய சிலைகளை உண்மை அளவிலேயே செய்தால் தொலைவிலுள்ள மேற்பகுதி சிறுத்துத் தெரியும். ஆதலாற் சிற்பிகள் அளவை மாற்றுகின்றனர் என்பது அவர் காட்டும் உதாரணம். நினைவு என்பது இந்த இரண்டாவது வகைச் சிற்பி. அது நிற்கும் இடத்திலிருந்து எது பெரிதாகத் தெரியவேண்டுமோ அதனைப் பெரிதாக்கிக்கொள்கிறது. முதியவரின் பேச்சிலே பள்ளிவாசலின் மினாரா வானளாவியது, முற்றம் விசாலமானது, கிணற்று நீர் இந்தக் கரையின் நீரைப்போல் உவர்க்காதது. அவர் பொய் சொல்லவில்லை. கதைக்கு அளவுகோல் கிடையாது என்பதே உண்மை. ஆனால் சிற்றுருவுக்கு அளவுகோல் உண்டு. "முற்றம் எத்தனை எட்டு?" என்று பேர்த்தி கேட்கும்போது அவர் எழுந்து, கண்களை மூடி, கற்பிட்டி மணலில் அந்த முற்றத்தை எட்டு வைத்து நடந்து பார்க்கவேண்டியவராகிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துகொண்டே வந்த முற்றம் அன்று ஓரளவு சுருங்கக்கூடும். அச்சுருக்கத்தை இழப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. சுருங்கிய முற்றத்திலே ஒருவர் நடக்கலாம்.

ஆயினும் முற்றத்தோடு நிற்கும் விடயமன்று இது. தெரு என்றால் அயலவர் வீடும் உண்டு. கதை சொல்பவர் தமக்கு வேண்டிய வீட்டிலிருந்து வேண்டிய வீட்டுக்குத் தாவலாம். இடையிலுள்ள வீட்டைப்பற்றி வாய் திறவாமலே இருக்கலாம். சிற்றுரு செய்பவருக்கு அவ்வசதி இல்லை. இடையிலே அட்டை வெறுமையாகக் கிடந்தால் குழந்தை அங்கே விரலை வைத்து, "அப்பா, இது ஆர்ட ஊடு?" என்று கேட்கும். (இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் தந்தை 'வாப்பா' எனவும் பாட்டனார் 'அப்பா' எனவும் அழைக்கப்படுவர். பாட்டனுக்குத் தந்தையின் தமிழ்ப்பெயரை வைத்திருக்கும் இவ்வழக்கு, இவ்விருவரின் உறவுக்குப் பொருத்தமாகவே இருக்கின்றது.) அது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடாக இருக்கலாம். புறப்பட்ட நாளில் தெருவில் நின்று அழுத குடும்பமாகவும் இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டதாகவும் இருக்கலாம். பின்னர் கதவு நிலைகளைக் கழற்றிச் சென்றதாகவும் இருக்கலாம். எதுவாயினும் 1:200 என்னும் அளவு அவ்வீட்டுக்கும் அதே நீளத்தையும் அதே உயரத்தையும் கொடுக்கின்றது. அன்பு காரணமாக ஒரு மில்லிமீற்றர் கூட்டவும் வெறுப்புக் காரணமாக ஒரு மில்லிமீற்றர் குறைக்கவும் இடமில்லை.

இங்கே ஒரு தடை எழும். நல்லவன் வீட்டையும் தீயவன் வீட்டையும் ஒரே மட்டையால் ஒரே அளவில் செய்வது நீதியா? அநீதி இழைக்கப்பட்டவனிடம் சமன்பாட்டை வேண்டுவது, இழைத்தவனுக்கு மறைமுகமாகச் செய்யும் உதவியன்றோ? இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சமநிலை என்னும் பெயரால் குற்றங்கள் மங்கடிக்கப்பட்டதை இந்நாட்டின் எல்லாச் சமூகத்தவரும் கண்டிருக்கின்றனர். ஆனால் அளவுகோல் தீர்ப்பு வழங்கும் கருவியன்று. அந்த வீடு அங்கே இருந்தது, அதில் மனிதர் இருந்தனர் என்பதை மட்டுமே அது கூறும். அதற்குமேல் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை முதியவர் வாயாற் கூறவேண்டும். கூறும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு. வீட்டை வைத்தபின் குற்றத்தைக் கூறுவதும், குற்றத்துக்காக வீட்டையே வையாது விடுவதும் ஒன்றல்ல. மக்களை ஊரிலிருந்து வெளியேற்றியவர்கள் செய்தது, உண்மையில், இந்த இரண்டாவது செயலையே. வடக்கு எனும் மேசையிலிருந்து ஒரு வகை வீடுகளை அவர்கள் எடுத்துவிட்டனர். வெளியேற்றப்பட்டவர் தம் விறாந்தையில் அதே செயலைச் சிறிய அளவிலேனும் செய்யாதிருப்பது, அயலவனுக்குக் காட்டும் சலுகையன்று; தம் தெருவுக்கு அவர் செய்யும் நேர்மை.

மற்றொரு வினா காலத்தைப் பற்றியது. கதைக்கு நேற்றும் இன்றும் உண்டு. சிற்றுருவுக்கு ஒரே ஒரு நாளே உண்டு. அது எந்த நாள்? பெருநாட் காலையா, வெளியேறிய நாளா, பின்னர் கூரையிழந்து பற்றை மூடிக் கிடந்த நாளா? கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரின் நாட்டிலே, ஹேக் நகரில், மதுரோடாம் என்னும் சிற்றூர் 1952ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1:25 என்னும் அளவில் அமைந்த அது, 1945இல் டக்காவ் வதைமுகாமில் உயிர்நீத்த ஜோர்ஜ் மதுரோ என்னும் இளைஞரின் நினைவுச் சின்னமாகும். தொடக்கப் பொருளை அவருடைய பெற்றோர் வழங்கினர். அங்கே கால்வாய்களும் மாளிகைகளும் இயங்கும் புகைவண்டிகளும் காட்டப்படுகின்றன. மகன் இறந்த இடம் அங்கு கருப்பொருளன்று. பெற்றோர் அதனை மறந்தார்கள் என்று எவரும் கூறத்துணியார். குழந்தைகள் விளையாட வரும் இடத்திலே எதை வைப்பது என்பதை அவர்கள் தெரிந்துகொண்டார்கள் எனலாம். முதியவரும் பெருநாட் காலையையே தெரிந்தெடுப்பாராயின் அவரைக் கோழை என்றல் பொருந்தாது. ஆனால் ஒரு நாள் அப்பேர்த்தி, இவ்வளவு நல்ல ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்பாள். அப்போது அவர் மேசையை விட்டுப் பேச்சுக்குத் திரும்பியே ஆகவேண்டும்.

பேர்த்தியின் பக்கத்திலிருந்து நோக்கினால் விடயம் வேறாகிறது. சிற்றுருவின் சிறப்பைப் பேசிய குளோட் லெவி ஸ்ட்ரோஸ், பெரிய பொருளை உறுப்பு உறுப்பாக அறிந்து முழுமைக்குச் செல்கிறோம். சிற்றுருவிலோ முழுமை முதலில் தெரிந்துவிடுகிறது என்று 1962இல் எழுதினார். பாட்டனாருக்கு இது பொருந்தும். அவருக்கு மூலம் உண்டு. பேர்த்திக்கோ மேசைமேல் உள்ளதே மூலம். அவளுடைய ஊர் கற்பிட்டி. பள்ளிக்கூடத் தோழியர், களப்பின் காற்று, உப்பின் வாடை யாவும் இக்கரைக்குரியன. புத்தளத்தில் வாழும் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஆராய்ந்த மானிடவியலாளர் ஷாரிகா திராணகம, 2011இல் வெளியான தம் நூலிலே, மூத்தோரின் 'ஊர்' வடக்கிலும் இங்கு வளர்ந்த இளையோரின் வாழ்வு புத்தளத்திலுமாகப் பிளவுபட்டிருப்பதை விரிவாக ஆராய்கிறார். இங்கே பிறந்த பிள்ளையையும் 'அகதி' என அழைக்கும் வழக்கம் இருந்துவந்த சூழலில், பாட்டனாரின் மேசை அவளுக்கு இரட்டைச் சுமையாகலாம்: வெளியார் அவளை இவ்வூராள் அல்லள் என்பர், வீட்டாரும் அதையே அன்போடு சொல்வர்.

இழந்த ஊரை அடுத்த தலைமுறைக்குக் கையளித்தல் கடமை என்று மேடைகளிற் பேசப்படுகிறது. கடமை என்பது உண்மையாயின், அதனை ஏற்பவரின் சம்மதம் எங்கே பெறப்பட்டது என்ற கேள்வியும் உண்மையானதே. ஆறு வயதுக் குழந்தை சலிப்படைந்து விளையாடப் போய்விடுவதற்கும் உரிமை உண்டு. அச்சலிப்பைத் துரோகம் என்று எண்ணும் முதியவர், தாம் இழந்ததற்கு ஈடாகக் குழந்தையைக் கேட்கிறவராகிறார். கதை கேட்பவள் வெறுங் கலமாக இருக்கக்கூடும். சேர்ந்து செய்பவள் அவ்வாறு இருக்க இயலாது. அவள் கையிலும் பசையும் கத்தரியும் உண்டு. எட்டுக் கணக்கைக் கேட்டவள் அவள்; வெறுமையான அட்டையிலே விரல் வைத்தவளும் அவளே. பாட்டனார் மூலத்தை உடையவர், பேர்த்தி அளவுகோலை உடையவள் என்றவாறு அவர்களிடையே வேலை பங்கிடப்படும்போது, அவள் பெறுவது ஓர் இழப்பின் சுமை மாத்திரமன்று; அதனைச் சோதிக்கும் அதிகாரமுமாகும். கூரைக்கு மேலே தலை நீட்டிய கழுதையை அரிசிமணி அளவுக்குக் குறைக்கச் சம்மதித்தவள், மினாராவையும் குறைக்கும்படி கேட்கலாம். பாட்டனார் அதற்கு உடன்பட வேண்டியிருக்கும். கழுதைக்கு ஒரு சட்டமும் மினாராவுக்கு ஒரு சட்டமும் இருக்கமுடியாது.

இனி, அவள் தன் வீட்டையும் அதே மேசையில் வைக்க விரும்பினால் என்ன செய்வது? குழந்தைகள் இதனைக் கேட்காமல் விடுவது அரிது. மேசையின் ஓரத்தில் நீலம் பூசிய கடலும் அதன்மேல் ஒரு வள்ளமும் இருக்கும். கடலுக்கு இப்பாற் கற்பிட்டி வீட்டை ஒட்டிவிடலாம் என்பாள். மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் இடையே நேர்கோட்டில் 80 கிலோமீற்றருக்குக் குறையாது. 1:200 என்னும் அளவிலே அது 400 மீற்றர். சட்டத்தை மீறாது வைப்பதாயின், பேர்த்தி மட்டையால் செய்த தன் வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, விறாந்தையிலிருந்து இறங்கி, படலையைத் தாண்டி, மணல் ஒழுங்கை வழியே 400 மீற்றர் நடந்து சென்று அங்கே வைக்கவேண்டும். பாட்டனாரும் கூடவே எட்டுக்களை எண்ணிக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும்.