வாங்காத கடனும் ஒரு வெள்ளி வைத்தியமும்

தகப்பன் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டுமென்னும் பழைய வழக்கைக்கூட இக்காலத்து நீதிமன்றங்கள், மகனுக்கு வந்து சேர்ந்த சொத்தின் அளவோடு நிறுத்திவிடுகின்றன. சொத்து ஒன்றும் பெறாதவனைக் கடனுக்காகப் பிடிக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆனால் இரத்தத்தின் வழியே வந்து சேரும் கடனுக்கு அத்தகைய வரம்பு ஏதுமில்லை. பரம்பரையாய் வரும் மிகைக் கொலஸ்ட்ரால் என்னும் வியாதி அத்தகைய கடன்களில் ஒன்று. தாய் தந்தையரில் ஒருவரிடம் அம்மரபணுக் குறை இருப்பின், பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வருவதும் வராமற்போவதும் சரிபாதி. இக்கடனை யார் தீர்ப்பது நியாயம் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

வியாதியின் தன்மையை முதலில் தெரிந்துகொள்வோம். இரத்தத்தில் ஓடும் தீய கொழுப்பைப் பற்றி உள்ளிழுக்கும் வாயில்கள் கல்லீரலின் உயிரணுக்களில் உண்டு. அவை குறைவாகவோ பழுதாகவோ அமைந்து பிறந்தவனுக்குக் கொழுப்பு இரத்தத்திலேயே தங்கி, குழந்தைப் பருவம் முதற்கொண்டு இருதயத்துக்குச் செல்லும் குழாய்களின் சுவரில் படிந்துகொண்டே வருகின்றது. இவ்வுண்மையைக் கண்டு விளக்கிய பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவருக்கு 1985-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. வைத்தியம் பெறாத ஆண்களில் பாதிப்பேர் ஐம்பது வயதுக்குள்ளாகவும், பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் அறுபது வயதுக்குள்ளாகவும் இருதய நோய்க்கு ஆளாகின்றனர். ஆட்டிறைச்சியும் நெய்யும் தின்று வரவழைத்துக்கொண்ட வியாதி என்று அண்டை அயலார் சொல்லும் பேச்சு இவர்கள்பால் பொருந்தாது. கஞ்சி குடித்துக் காலந்தள்ளுபவனுக்கும் இது வரும்.

உலகத்தில் இருநூற்றைம்பது முதல் முந்நூறு பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணக்கு. மலேசியாவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2021-இல் வெளியிட்ட ஆய்வோ நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் கண்டதாகக் கூறுகின்றது. ஜொகூர் மாநிலத்தின் ஜனத்தொகை நாற்பது லட்சம். குறைந்த கணக்கை எடுத்தாலும் பதின்மூவாயிரம் பேர். கூடிய கணக்கில் நாற்பதாயிரம் பேர். இவர்களில் தமக்கு இக்குறை உண்டென்று அறிந்தவர் மிகச் சிலரே.

"அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் ஐம்பதைத் தாண்டுவதில்லை" என்று குளுவாங்கிலும் சிகாமட்டிலும் லாபிஸிலும் உள்ள தோட்டப்புறங்களில் யாரேனும் பெருமூச்சுடன் சொன்னால், கேட்பவர் அதைத் தலையெழுத்து என்பார். சிலர் குலதெய்வத்தின் கோபம் என்பார். ஜாதகக் கட்டைப் பார்த்துப் பரிகாரம் சொல்லுவாரும் இருப்பர். மூன்று தலைமுறையாய் ஒரே வயதில் ஒரே விதமாக மரணம் நேருமானால் அங்கே விசாரிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டென்று தோன்றாமற்போவதே விதி நம்பிக்கை நமக்குச் செய்த பெருந்தீங்கு. முழங்கை, விரற்கணு, குதிகாலின் நரம்பு ஆகிய இடங்களில் கொழுப்புத் திரண்டு கட்டியாய் நிற்பதை எத்தனையோ பேர் சுமந்து திரிகின்றனர். விதி எழுதிய எழுத்தைப் படிக்க முடியாதென்பார்கள். இவ்வெழுத்து தோலின்மேலேயே தெரிகின்றது.

நிற்க. மருந்து விலையேறியதோ என்றால் அதுவுமில்லை. அகிரா எண்டோ என்னும் ஜப்பானியர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973-இல் ஒரு பூஞ்சணத்திலிருந்து கொழுப்பைக் குறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அது 1978-இல் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கப்பட்டதே இப்பரம்பரை வியாதி கடுமையாய்ப் பற்றிய ஓர் இளம்பெண்ணுக்குத்தான். அவ்வழியில் வந்த ஸ்டாட்டின் மாத்திரைகளின் காப்புரிமைகள் காலாவதியாகி, இன்று அவை மலிவான சரக்காகிவிட்டன. மலேசிய அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் நாட்டுக் குடிமகன் நெடுங்காலமாகக் கட்டிவரும் கட்டணம் ஒரு வெள்ளி. நிபுணரைப் பார்ப்பதற்கு ஐந்து வெள்ளி. உலகத்தின் பல செல்வ நாடுகளும் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு இது. இதைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்ட செயலாகும்.

அப்படியானால் செலவு எங்கிருந்து வருகின்றது? ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் எழுந்து கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பல்லாயிரவரைப் பாருங்கள். அவர்கள் திரும்பும் வேளையில் கிளினிக்கின் கதவு சாத்தியிருக்கும். ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும்; இரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள். தேகத்தில் வலியொன்றுமில்லாதவன் எதற்காக இரண்டு நாட்கூலியை விடுவான்? தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரமின்றி, அடையாள அட்டை பெறாமலே முதுமையெய்தும் நம்மவரோ அந்நியர் என்ற கணக்கில் பல மடங்கு கட்டணம் கட்ட வேண்டியவராகின்றனர். வருமானம் குறைந்தோருக்கென 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 என்னும் திட்டத்தில் இலவச இரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் அது நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே. வயதோடு வரும் சர்க்கரை வியாதிக்கு அவ்வரம்பு பொருந்தலாம். பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்ட வியாதிக்கு நாற்பதாம் வயதில் வாயிலைத் திறந்துவைத்துக் காத்திருப்பதை என்னவென்று சொல்வது!

காலத்தே அறிவதன் பயன் எவ்வளவு என்பதற்கு ஹாலந்து தேசத்து ஆய்வொன்று சாட்சி. இக்குறையுள்ள 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே மாத்திரை தொடங்கி, இருபது ஆண்டுகள் கழித்து அவர்கள் நிலையை அதே குறையுள்ள அவர்தம் பெற்றோரின் நிலையோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். முப்பத்தொன்பது வயதுக்குள் இருதய நோய் கண்டவர் பெற்றோரில் நூற்றுக்கு இருபத்தாறு பேர். பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர். அவ்வயதுக்குள் இருதய நோயால் மாண்டவர் பெற்றோரில் நூற்றுக்கு ஏழு பேர், பிள்ளைகளில் ஒருவருமில்லை. இரத்தம் ஒன்றே, குடும்பம் ஒன்றே. பெற்றோர் இளமையில் இம்மருந்து உலகத்தில் இல்லை. ஆகையால் அவர்களைக் குறித்துப் பழி சொல்ல யாருமில்லை. மருந்து மலிந்து கிடக்கும் இந்நாளில் ஒரு பிள்ளை அப்பெற்றோரின் கதியை அடையுமானால் பழி யாரைச் சாரும் என்பதை வாசகர்களே யோசிக்க வேண்டுகிறோம்.

அந்நாட்டார் மற்றொன்றும் செய்தனர். நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டால் அவர் உற்றார் உறவினரை ஒருவர்பின் ஒருவராகத் தேடிச் சென்று சோதிக்கும் வேலையை அரசாங்கச் செலவில் 1994 முதல் 2013 வரை நடத்தி, இருபத்தெட்டாயிரம் பேர் அளவில் கண்டறிந்தனர். அரசாங்கம் பணத்தை நிறுத்தியபின் புதிதாய்க் கண்டறியப்படுவோர் தொகை வெகுவாய்ச் சுருங்கிற்று. குறையுள்ளவர் குறைந்துவிடவில்லை, தேடுவார்தாம் இல்லாமற்போயினர். கடற்பாலத்தின் மறுகரையில் சிங்கப்பூர் அரசாங்கம் 2025-இல் இத்தகைய மரபணுப் பரிசோதனைத் திட்டம் ஒன்றை உதவித்தொகையுடன் தொடங்கிற்று. உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே. நாள்தோறும் அங்கே சென்று உழைத்து வரும் ஜொகூர்த் தொழிலாளியின் இரத்தம் மட்டும் இக்கரைக்குரியது!

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டு நம்மை நாமே விட்டுவிடுவது முறையன்று. கண்டறியப்பட்டவர் தம் உடன்பிறந்தாருக்குச் சொல்லுகின்றாரா? பெரும்பாலும் சொல்லுவதில்லை. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், பையனுக்குப் பெண் கிடைக்காது என்ற அச்சமே காரணம். அச்சம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. நம் சமூகம் அத்தகையதே. பத்துப் பொருத்தம் பார்க்கப் பணம் செலவிடுவோர் இரத்தத்தின் பொருத்தத்தைப் பேசினால் முகஞ்சுளிக்கின்றனர். ஆயினும் தம்பிக்கு மறைக்கும் அண்ணன் குடும்பத்தின் மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு தம்பியின் உயிரைப் பணயமாக வைக்கின்றான். அதற்கு அவனுக்கு உரிமையில்லை என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

அன்றியும் உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், நெருங்கிய உறவில் மணத்தைத் தடுக்கும் தன் 11-ஆம் பிரிவிலேயே, இந்துக்கள் அக்காள் தங்கை மகளை மணப்பதற்கு மட்டும் விலக்களிக்கின்றது. தாய்மாமனுக்கு இக்குறை பெற்றோர் வழி வந்திருப்பின் அவன் அக்காளுக்கு அது இருக்கப் பாதி வாய்ப்பு. அவள் மகளுக்குக் கால் வாய்ப்பு. இருவரிடமும் இருந்து மணம் முடிந்தாலோ, பிறக்கும் பிள்ளைகளில் நால்வருக்கு ஒருவர் இரட்டைக் குறையுடன் பிறக்கக்கூடும். அப்பிள்ளைக்கு வைத்தியமில்லையேல் இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். சாதாரண மாத்திரை அதற்குப் போதாது. 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது ஆண்டுக்குப் பதினாலாயிரம் டாலருக்கு மேல் விலை குறிக்கப்பட்ட ஊசிமருந்து போன்றவையே துணை. பின்னர் விலை குறைந்ததெனினும் கூலிக்காரர் கைக்கு அது எட்டாது. சிலருக்காக இவ்வளவு செலவா என்று கேட்போர்க்கு நமது விடை இது: பலரை மலிவாய்க் காக்கத் தவறிய அரசாங்கம், அச்சிலரைச் செலவு காட்டிக் கைவிடத் தகுதியுடையதன்று.

பள்ளிப் பிள்ளைகளிடம் இரத்தம் எடுப்பது நடவாத காரியம் என்பாரும் உளர். சுலோவீனியா நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே கொலஸ்ட்ரால் பரிசோதனை 1995 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. தலசீமியா என்னும் மற்றொரு பரம்பரை வியாதிக்காக, பெற்றோர் சம்மதத்துடன் நான்காம் படிவ மாணவர்களிடம் இரத்தம் எடுத்துச் சோதிக்கும் திட்டத்தை மலேசிய அரசாங்கமே 2016-இல் தொடங்கிற்று. பதினாறு வயதில் எடுத்த அந்த இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவையும் பார்க்க மற்றோர் ஊசி வேண்டியதில்லை. இன்னொரு குப்பியும், அளவு மிகுந்த பிள்ளையின் வீட்டுக்குச் சென்று தாயையும் தகப்பனையும் அழைத்துவர ஒரு தாதியும் வேண்டும்.